திறவுகோல் எவர் கையில்?

   

பாகூர் ஏரி எவருடையது? அரசுப் பதிவேட்டைப் புரட்டினால், அரசினுடையது என்று எழுதியிருக்கும். ஆனால், அவ்வேரி நீரை நம்பி உழுத பழந்தலைமுறை உழவரைக் கேட்டிருந்தால், வேறொரு விடை கிடைத்திருக்கும். கரையைக் காத்தவனுக்கும், தூர் வாரியவனுக்கும், மதகைத் திறந்து மூடியவனுக்குமே ஏரி உரியது என்று அவர் கூறியிருப்பார். பெண்ணையாற்றின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் நீர் கொணர்ந்தால்தான் பாகூர் ஏரி நிரம்பும். வில்லியனூர்ப் பக்கத்து ஊசுட்டேரிக்கோ, சுத்துக்கேணி வாய்க்கால் வழியே செஞ்சியாற்று நீர் வந்து சேர வேண்டும். வாய்க்கால் தூர்ந்து போனால், ஏட்டில் எவர் பெயர் இருந்தென்ன? பேணுவோர் கையே உரிமையாளர் கை. இவ்வுண்மை ஏரிக்கு மட்டும் உரியதன்று.

இன்று ஒவ்வோர் அலுவலகத்திலும் கண்ணுக்குத் தெரியாத ஏரி ஒன்று இருக்கின்றது. பிறப்பு இறப்புப் பதிவு, வீட்டு வரிக் கணக்கு, நிலப் பதிவு, கூட்டுறவுக் கடன் கணக்கு, பள்ளி மாணவர் மதிப்பெண் ஆகிய அனைத்தும் இன்று தாளிலிருந்து கணினிக்குப் பெயர்ந்துவிட்டன. சிற்றூர்களின் தொடக்க வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கங்களுள் 63,000-ஐக் கணினிமயமாக்க 2022 சூன் திங்களில் இந்திய ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்தது. அதற்கு ஒதுக்கப்பெற்ற தொகை 2,516 கோடி உருபா. ஆகவே, இஃது ஏதோ நகரத்துச் செய்தி என்று எவரும் ஒதுங்கிவிட முடியாது.

பல கணினிகளுக்கும் பொதுவாக நின்று, ஆவணங்களைக் காத்து, கேட்டபோது கேட்டவர்க்கு எடுத்து வழங்கும் கணினியை வழங்கி என்பர். அவ்வழங்கியின் உள்ளே இருந்து அதனை ஆளும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம். எவர் உள்ளே வரலாம், எவர் எதனைத் தொடலாம், எந்த வேலைக்கு எவ்வளவு நினைவிடம் என்று பங்கிட்டுக் கொடுப்பது அது. ஊரில் நீர்க்கட்டி செய்யும் வேலையையே அது கணினிக்குள் செய்கின்றது. நீர்க்கட்டி கண்ணயர்ந்தால் கடைமடை காயும். இயங்குதளம் பேணப்பெறாது போனால், ஒரு கொம்யூனின் கணக்கே காணாமற் போகும். இவ்வியங்குதளத்தை நிறுவுதல், பரப்புதல், நாள்தோறும் பேணுதல், உரிய காலத்தில் மேம்படுத்துதல் ஆகிய நான்கு வேலைகளையும் எவர் செய்கின்றார் என்பதைப் பொறுத்தே, அவ்வலுவலகத்தின் திறவுகோல் எவர் கையில் இருக்கின்றது என்பது முடிவாகின்றது.

இது வெறும் அச்சுறுத்தலா? இல்லை. அண்மைய நிகழ்ச்சிகள் இரண்டினை எண்ணிப் பார்க்க வேண்டும்.

குசராத்து மாநிலத்து வாடினாரில் பெரியதோர் எண்ணெய்த் தூய்மிப்பாலையை நடத்தும் நிறுவனம் நயாரா எனர்சி. அதில் உருசிய நாட்டு எண்ணெய் நிறுவனம் ஒன்றுக்குப் பங்கு உண்டு. 2025 சூலை 18-ஆம் நாள் ஐரோப்பிய ஒன்றியம் அந்நிறுவனத்தின்மீது தடை விதித்தது. சில நாள்களிலேயே, மைக்ரோசாப்ட்டு நிறுவனம் நயாராவுக்குரிய மின்னஞ்சல் முதலிய பணிகளை நிறுத்திவிட்டது. விலை கொடுத்து வாங்கிய பணி. அதில் அடங்கியிருந்தவை நயாராவின் சொந்த ஆவணங்கள். ஆலை இருப்பதோ இந்திய மண்ணில். இந்திய அரசு அத்தடையை ஏற்கவுமில்லை. ஆயினும் கதவு அடைபட்டது. நயாரா தில்லி உயர்நயமன்றத்தை நாடிய பின்னரே, அத்திங்கள் முடிவதற்குள் பணிகள் திரும்பக் கிடைத்தன. பெருஞ்செல்வ நிறுவனத்துக்கே இந்நிலையெனில், ஒரு கொம்யூன் ஊராட்சி எந்த நயமன்றத்தின் கதவைத் தட்டும்? திறவுகோல் பிறர் கையில் இருப்பதன் பொருள் இதுவே.

மற்றொன்று 2017-இல் நேர்ந்தது. அவ்வாண்டு மே 12-ஆம் நாள் 'வான்னாகிரை' என்னும் பிணைப்பணத் தீநிரல் உலகெங்கும் பரவியது. ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலக்கத்துக்கு மேற்பட்ட கணினிகள் அதற்கு இரையாயின. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளே நிலைகுலைந்தன. அடுத்த சில நாள்களில், கேரளத்து வயநாட்டின் தரியோடு ஊராட்சி அலுவலகக் கணினிகளும், பத்தனந்திட்டை மாவட்டத்து அருவாப்புலம் ஊராட்சி அலுவலகக் கணினிகளும் அதே தீநிரலால் பூட்டப்பெற்றன. மலையடிவாரத்துச் சிற்றூர் என்று தீநிரல் இரக்கங் காட்டவில்லை. இதில் வருந்தத்தக்க செய்தி யாதெனில், அத்தீநிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச்சு 14-ஆம் நாளே வெளியிடப்பெற்றிருந்தது என்பதாம். மருந்து வந்து ஏறத்தாழ இரண்டு திங்கள் கழித்தே நோய் வந்தது. மருந்தை இடுவதற்குத்தான் ஆளில்லை. திறவுகோல் தன் கையில் இருந்தும் கதவைச் சாத்தாமல் உறங்குவதன் விளைவு இது.

"அப்படியாயின், கட்டற்ற மென்பொருளுக்கு மாறிவிட்டால் போதுமே!" என்று இளைஞர் சிலர் கூறுவர். கூற்று சரியே, ஆனால் பாதிதான் சரி.

கட்டற்ற மென்பொருளின் சிறப்பை எவரும் மறுக்க முடியாது. 1991-இல் பின்லாந்து மாணவர் இலினசு தோர்வால்சு வெளியிட்ட இலினக்சு என்னும் கருவும், 1983-இல் இரிச்சர்டு சுடால்மன் அறிவித்த குனுத் திட்டமும் இணைந்து உருவான இயங்குதளத்தை எவரும் பயன்படுத்தலாம், அதன் மூல நிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் கொடுக்கலாம். இதனைத் தமிழகம் மிகப் பெரிய அளவில் செய்தும் காட்டியது. 1977-இல் தோன்றிய தமிழ்நாடு மின்னணு நிறுவனமான எல்காட்டு, உமாசங்கர் அதன் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில், தன் அலுவலகக் கணினிகளையும் வழங்கிகளையும் சூசே இலினக்சுக்கு மாற்றியது. 2008-ஆம் ஆண்டளவில் அரசுப் பள்ளிகளுக்குரிய 30,000 கணினிகளும் 1,880 வழங்கிகளும் இலினக்சில் இயங்குமாறு செய்யப்பெற்றன. அக்காலத்தில் இந்தியாவில் இதற்கு நிகரான பெரும்பணி வேறில்லை என்று பேசப்பட்டது. தமிழர் இதனை எண்ணிப் பெருமை கொள்ளலாம்.

ஆனால், பின்னர் நிகழ்ந்தது யாது? உமாசங்கர் வேறு பணிக்கு மாற்றப்பெற்றார். 2011-இல் தமிழக மாணவர்க்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில், சென்னைச் சி-டாக்கு நடுவம் உருவாக்கிய 'பாசு' இலினக்சுடன் விண்டோசும் இடம்பெற்றது. 2014 ஏப்பிரல் 8-ஆம் நாள் விண்டோசு எக்சுபிக்கு மைக்ரோசாப்ட்டின் ஆதரவு முடிந்தபோது, அரசுத் துறைகள் பாசு இலினக்சுக்கு மாற வேண்டும் என்று மீண்டும் அறிவுரை அனுப்ப வேண்டியதாயிற்று. ஒருமுறை ஏறிய மலையை ஆறாண்டுக்குள் அடிவாரத்திலிருந்து மறுபடி ஏற வேண்டி வந்தது.

செருமனியின் மூனிச்சு நகராட்சியும் இதற்கொரு சான்று. ஏறத்தாழ 15,000 கணினிகளை இலினக்சுக்கு மாற்றி உலகப் புகழ் பெற்ற அந்நகராட்சி, 2017-இல் விண்டோசுக்கே திரும்புவதென்று முடிவெடுத்தது. மறுபுறம், கேரளத்தைக் காண்க. 2001-இல் அங்குத் தொடங்கப்பெற்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டம், கட்டற்ற மென்பொருளைத் தழுவி, 2017-இல் 'கைட்டு' என்னும் அரசு நிறுவனமாக வளர்ந்தது. ஆட்சிகள் மாறின, திட்டம் மாறவில்லை. கரணியம் யாது? அங்கு ஆயிரக்கணக்கான பள்ளி ஆசிரியர்களே அக்கணினிகளை நிறுவவும், பழுது நீக்கவும், புதிய பதிப்புக்கு உயர்த்தவும் பயிற்றுவிக்கப்பெற்றனர். பாடநூல்களும் மலையாளத்தில் எழுதப்பெற்றன. ஒருவர் முனைப்பில் எழுந்த கட்டடம் அவர் பெயர்ந்ததும் தளரும். ஆயிரவர் கைப்பழக்கத்தில் எழுந்த கட்டடமோ நிற்கும்.

கட்டற்ற மென்பொருளிலும் உறங்குவோர்க்கு உரிமையில்லை என்பதற்கு மற்றுமொரு சான்று உண்டு. உலகெங்கும் எண்ணற்ற வழங்கிகளில் விலையின்றிப் பயன்பட்டுவந்தது 'செண்டோசு' என்னும் இயங்குதளம். அதன் 8-ஆம் பதிப்புக்கு 2029 வரை திருத்தங்கள் வரும் என்று நம்பிப் பலரும் அதனை நிறுவினர். ஆனால், 2020 திசம்பரில், அதனைப் புரந்துவந்த ரெட்காட்டு நிறுவனம், 2021 திசம்பர் 31-ஆம் நாளுடன் அப்பதிப்பு முடியும் என்று அறிவித்துவிட்டது. அறிவுடையோர் மூல நிரலைக் கையிலெடுத்து, 'ஆல்மா', 'இராக்கி' என்னும் மாற்று இயங்குதளங்களை 2021-இலேயே வெளியிட்டனர். தம் வழங்கிகளைத் தாமே பேணத் தெரிந்தவர் அவற்றுக்கு எளிதில் மாறினர். தெரியாதவர் திகைத்து நின்றனர். கட்டற்ற உரிமம் அளிப்பது வாய்ப்பு மட்டுமே. அவ்வாய்ப்பை உரிமையாக்குவது உழைப்பு.

அவ்வுழைப்பு எத்தகையது? அது மந்திரமன்று, ஒழுங்கு. உழவு தெரிந்த எவர்க்கும் விளங்கும் ஒழுங்கு.

முதலாவது, கணக்கெடுப்பு. ஓர் அலுவலகத்தில் எத்தனை வழங்கிகள், எவ்வெவற்றில் எந்த இயங்குதளத்தின் எப்பதிப்பு, அதற்குத் திருத்தம் வருவது எந்நாள் வரை என்னும் பட்டியல் தாளில் எழுதித் தொங்க வேண்டும். விண்டோசு வழங்கி 2012-க்குரிய பொது ஆதரவு 2023 அக்தோபர் 10-ஆம் நாள் முடிந்தது. அந்நாளை முன்னரே அறியாத அலுவலகம், அடுத்த நாள் முதல் கூரையில்லா வீட்டில் குடியிருந்தது என்றே பொருள்.

இரண்டாவது, ஒரே வார்ப்பில் நிறுவுதல். இருபது வழங்கிகளை இருபது பேர் இருபது வகையாக நிறுவினால், பழுது வந்தபோது இருபது நோய்களுக்கு மருந்து தேட வேண்டும். நிறுவும்போது கேட்கப்பெறும் வினாக்களுக்கெல்லாம் விடைகளை ஒரு கோப்பில் முன்கூட்டியே எழுதிவைத்தால், அக்கோப்பைக் கொண்டு எத்தனை வழங்கிகளையும் ஒன்றுபோல் நிறுவிவிடலாம். மென்பொருள் தொகுப்புகளின் படியொன்றை உள்ளூர்க் கணினி ஒன்றில் வைத்துக்கொண்டால், மற்றவை அனைத்தும் வெளியே செல்லாமல் அதனிடமே பெற்றுக்கொள்ளும். இணைய இணைப்பு மெலிந்த சிற்றூர்க்கு இது பெருநன்மை. வாய்க்கால் நீரை ஏரியில் தேக்கி, ஏரியிலிருந்து வயல்களுக்குப் பாய்ச்சும் அதே முறை.

மூன்றாவது, காப்புப்படி. ஆவணங்களுக்கு மூன்று படிகள் இருக்க வேண்டும். அவை இரண்டு வகை ஊடகங்களில் இருக்க வேண்டும். ஒன்றேனும் வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். விதைநெல்லை ஒரே குதிரில் வைப்பார் உண்டோ? இன்னுமொன்று: படியெடுத்தால் மட்டும் போதாது, அப்படியிலிருந்து ஆவணத்தை மீட்டுப் பார்த்தால்தான் அது படி. முளைக்குமா என்று பார்க்கப்பெறாத விதை விதையாகாது.

நான்காவது, திருத்தங்களைக் கிழமைதோறும் இடுதல். ஆனால் அனைத்துக்கும் ஒரே நேரத்தில் இடாமை. 2024 சூலை 19-ஆம் நாள், கிரௌடு சுட்ரைக்கு என்னும் பாதுகாப்பு நிறுவனம் பிழையுள்ள புதுப்பிப்பு ஒன்றை உலகெங்கும் ஒருசேர அனுப்பியது. ஏறத்தாழ 85 இலக்கம் விண்டோசுக் கணினிகள் வீழ்ந்தன; வானூர்திகள் தரையில் நின்றன; மருத்துவமனைகள் தடுமாறின. எனவே, முதலில் ஆய்வுக்கென ஒதுக்கிய பழைய கணினியொன்றில் இட்டுப் பார்க்க வேண்டும், பின்னர் முதன்மையற்ற வழங்கி ஒன்றில், அதன்பின் மற்றவற்றில். புது நெல்வகையை முதலாண்டே முழு நிலத்திலும் நடும் உழவர் இல்லை.

ஐந்தாவது, மேம்படுத்தல். இதுவே யாவரும் அஞ்சித் தள்ளிப்போடும் வேலை. தள்ளிப்போடத் தள்ளிப்போட, அச்சத்துக்கு உண்மையான அடிப்படையும் வளர்கின்றது. பாசு இலினக்சுக்கு அடிப்படையான தெபியனை எடுத்துக்கொள்க. அதன் ஒவ்வொரு பதிப்புக்கும் மூன்றாண்டு முழு ஆதரவும், அதன்மேல் ஈராண்டு நீட்டித்த ஆதரவும் உண்டு. 12-ஆம் பதிப்பு 2023 சூனிலும், 13-ஆம் பதிப்பு 2025 ஆகசுட்டிலும் வெளிவந்தன. 11-இலிருந்து 13-க்கு ஒரே தாவாகத் தாவ அந்நெறி இடந்தருவதில்லை. 12-இன் வழியாகவே செல்ல வேண்டும். காலந்தோறும் ஒருபடி ஏறுவோர்க்கு ஒரு மாலை நேர வேலை. பத்தாண்டு உறங்கினோர்க்கோ, வழியிலுள்ள ஒவ்வொரு படியிலும் ஓர் இடர்.

இனி, தமிழர் மட்டுமே எண்ணிப் பார்க்கக்கூடிய ஒரு செய்தி. மேம்படுத்தலில் மொழி அடிபடும் இடங்கள் இரண்டு உண்டு.

ஒன்று, எழுத்து. முன்னாள்களில் தமிழ் ஆவணங்கள் பல்வேறு எழுத்துருக் குறியாக்கங்களில் தட்டச்சிடப்பெற்றன. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் 'தாம்', 'தாப்' குறியாக்கங்களும் 'தமிழ்99' விசைப்பலகையும் வரையறுக்கப்பெற்றன. 2010 சூனில் தமிழக அரசு ஒருங்குகுறியைத் தரமாக ஏற்றது. ஆயினும், பழைய எழுத்துருக்களில் எழுதிய கோப்புகள் இன்னும் எத்தனையோ அலுவலக வட்டுகளில் உறங்குகின்றன. பழைய கணினியை அகற்றிப் புதிய இயங்குதளத்தை நிறுவும் நாளில், அவ்வெழுத்துருக்களும் உடன் அகன்றால், கோப்பு இருக்கும், தமிழ் இராது. வெறுங் கிறுக்கல்களே திரையில் தோன்றும். எனவே, மேம்படுத்தலுக்கு முன்னரே அவற்றை ஒருங்குகுறிக்கு மாற்றிவிட வேண்டும். இதனைத் தமிழ் படிக்கத் தெரியாத ஒப்பந்தக்காரர் செய்வாரா? அவர்க்கு அது கிறுக்கலா கணக்கா என்பதே தெரியாதே!

மற்றொன்று, வரிசை. பெயர்ப் பட்டியலை அடுக்கும் நெறியை இயங்குதளமே தருகின்றது. இலினக்சின் அடித்தளமான குனு சி நூலகத்தின் 2.28 பதிப்பு 2018 ஆகசுட்டில் வெளிவந்தபோது, சொற்களை அடுக்கும் அந்நெறி பெரிதும் மாற்றியமைக்கப்பெற்றது. போசுட்கிரெசு என்னும் தரவுத்தளத்தைப் பயன்படுத்துவோர், இயங்குதளத்தை மேம்படுத்திய பின், பழைய நெறியில் கட்டிய சுட்டுவரிசையும் புதிய நெறியில் நடக்கும் தேடலும் முரண்பட்டு, இருக்கும் பெயரையே இல்லை என்று கணினி கூறும் நிலையைச் சந்தித்தனர். சுட்டுவரிசைகளை மீளக் கட்டுவதே அதற்குத் தீர்வு. ஒரே கட்டளையில் முடியும் வேலை. ஆனால், சிக்கல் இருப்பதை எவரேனும் கண்டால்தானே தீர்வு? முதியோர் உதவித்தொகைப் பட்டியலில் ஒரு தாயின் பெயரைத் தேடி, 'இல்லை' என்று கணினி கூறினால், அலுவலர் அதனை நம்பி அவரைத் திருப்பி அனுப்பிவிடுவார். பிழை கணினிக்குள், பட்டினி அத்தாய்க்கு. பட்டியலைக் கண்ணால் பார்த்து, "இந்தப் பெயர் அகர வரிசையில் இவ்விடத்தில் அன்றோ வர வேண்டும்!" என்று ஐயுறும் தமிழறிவும், சுட்டுவரிசையை மீளக் கட்டும் கணினியறிவும் ஒருவரிடமே ஒருங்கே அமைய வேண்டும்.

தமிழ் மேம்பாட்டுக்கு உழைப்போர் ஓர் உண்மையை உணர்தல் வேண்டும். வழங்கி, இயங்குதளம், காப்புப்படி, கடவுச்சொல் எனக் கலைச்சொற்கள் அருமையாகவே ஆக்கப்பெற்றுள்ளன. ஆனால், கலைச்சொல் ஆக்குவது விதைப்பு. அச்சொல்லைக் கொண்டு ஒரு வேலையைச் செய்து முடிப்பதே அறுவடை. கலைச்சொல் அகரமுதலிகள் வளரும்போதே, இரவு பத்து மணிக்கு வழங்கி நின்றுபோனால் முதலில் எதைப் பார்க்க வேண்டும், அடுத்து எதைச் செய்ய வேண்டும் என்று தமிழில் எழுதிய நான்கு பக்கக் கைந்நூலும் ஒவ்வோர் அலுவலகத்திலும் வளர வேண்டும். புழங்கும் மொழியே வாழும் மொழி. வேலைக் களத்தில் நுழையாத சொல் ஏட்டில் நரைக்கும்.

ஆகவே, வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களின் இளைஞர் செய்யத்தக்கவை சில உண்டு. அரசாணைக்குக் காத்திராமல் தொடங்கத்தக்கவையே அவை. ஊருக்கு ஒரு பழைய கணினியில் தெபியனையோ பாசு இலினக்சையோ நிறுவிப் பழகுக. நிறுவும்போதே தமிழைத் தேர்ந்துகொள்ளலாம். நூலகத்துக்கோ படிப்பகத்துக்கோ ஒரு வழங்கியை அமைத்து, ஓராண்டு இடைவிடாது பேணுக. செய்த ஒவ்வொரு மாற்றத்தையும், நாள், நேரம், கரணியம், செய்தவர் பெயர் ஆகியவற்றுடன் தமிழில் பதிவேட்டில் எழுதுக. ஒருவர் மட்டுமே அறிந்த கடவுச்சொல்லும், ஒருவர் மட்டுமே அறிந்த முறையும் ஊருக்குக் கேடு. எனவே ஒவ்வொரு வேலைக்கும் இருவரைப் பயிற்றுக. ஆண்களுக்கு ஒதுக்கிய வேலை இஃதென்று எண்ணாமல் பெண்களையும் முன்னிறுத்துக. ஓராண்டு ஒரு வழங்கியைப் பேணிக் காட்டிய இளைஞரை, ஊராட்சியும் கூட்டுறவுச் சங்கமும் தாமே தேடி வரும்.

இதற்கு முன்னோர் காட்டிய வழியும் இம்மண்ணிலேயே உண்டு. 9-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் ஓர் உயர்கல்விச் சாலை நடந்தது. அதற்கு மூன்று ஊர்களின் வருவாய் அறக்கொடையாக வழங்கப்பெற்றதைப் பாகூர்ச் செப்பேடு கூறுகின்றது. கட்டடம் எழுப்பிக் கொடுத்ததோடு அக்கொடை நின்றுவிடவில்லை. ஆண்டுதோறும் பேணுதற்குரிய வருவாய் அதனால் நிலைநிறுத்தப்பெற்றது. இன்றோ, கணினி வாங்கப் பணம் ஒதுக்கப்படுகின்றது. அதனைப் பேணும் ஆளுக்கும் அவர் பயிற்சிக்கும் ஒதுக்குவதில்லை. இந்நிலை மாற வேண்டும். கணினிக்கென ஒதுக்கும் ஒவ்வோர் உருபாவுடனும், பேணுவோர்க்கும் ஒரு பங்கு கேட்டுப் பெறுக! கேட்கும் தகுதியைக் கைத்தொழிலால் ஈட்டுக! தமிழில் பேணுக! தமிழர் கையாலேயே பேணுக!